ஐந்தாம் தேதி பாக்கி

பஸ் டெப்போவில் அவருக்கு ‘நிமிஷம்’ என்று பெயர். டைம் கீப்பர். வாசலை ஒட்டிய தகரக் கூண்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பஸ்ஸும் கிளம்பும் நேரத்தைத் தாளில் எழுதி விசில் ஊதுவதுதான் இருபத்தெட்டு வருஷ வேலை. தாமதமாகக் கிளம்பும் டிரைவரை முறைப்பதோடு விட்டுவிடுவார். முன்னதாகக் கிளம்பினால் மெமோ. ஒருமுறை காலி பஸ்ஸை மூன்று நிமிஷம் முன்னால் எடுக்கப் பார்த்தவனை, வண்டிக்கு எதிரே போய் நின்று மறித்தார்.

“லேட்டா போனா ஜனம் திட்டும், அவ்வளவுதான். சீக்கிரம் போனா, நேரத்துக்கு வந்தவன் ஏமாந்து நிப்பான். எதுடா பெரிய குத்தம்?”

அப்பா செத்த அன்றுகூட மணி பார்த்துத்தான் அழுதார் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆன பிறகும் அவளுடைய கேலி குறையவில்லை.

அவள் தங்கை ஒரு சிறுநீரகம் தருவதாகச் சொன்னாள். ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு லட்சம். டெப்போ காஷியர் வழி சொன்னார்: வங்கியில் கேட்டால் முதலில் கிரெடிட் ஸ்கோரைப் பார்ப்பார்கள். கடனே வாங்காதவனுக்கு ஸ்கோரே கிடையாது. கார்டு ஒன்று எடுத்து, செலவழித்து, ஒழுங்காகக் கட்டி வந்தால் வருஷத்தில் தானாக நிமிர்ந்துவிடும்.

கார்டு வந்தது. லிமிட் ஐம்பதாயிரம். மாதம் பிறந்து இரண்டாம் தேதி டயாலிசிஸ் கட்டணம் நாற்பத்தாறாயிரத்தை அதில் தேய்ப்பார். ஐந்தாம் தேதி ஸ்டேட்மென்ட். பணம் கட்டக் கெடு இருபத்தைந்து. சம்பளமும் மாடி வாடகையும் முதல் தேதியே வந்துவிடும். அதைத் தனிக் கணக்கில் தொடாமல் வைத்திருந்து, இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு முழுசாகக் கட்டுவார். கையில் இருக்கும்போதே கட்டித் தொலைத்தால் என்ன என்று மனைவி கேட்டாள். கெடு என்றால் கெடு என்றார்.

பதினாலு மாதம். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

வங்கியில் கடன் பிரிவிலிருந்த இளம்பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஸ்கோர் போதாது என்றாள். அவர் பையிலிருந்து பதினாலு ரசீதுகளை எடுத்துத் தேதிவாரியாக மேஜைமேல் வைத்தார்.

“நீங்க ஒரு நாள்கூட லேட் இல்ல சார், அது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்டேட்மென்ட் போடற அன்னைக்கு என்ன பாக்கியோ, அதைத்தான் ஸ்கோர் போடறவங்களுக்கு அனுப்பறோம். அஞ்சாம் தேதி உங்க லிமிட்ல தொண்ணூத்திரண்டு சதவீதம் நிக்குது. எல்லா மாசமும். பார்க்கறவங்களுக்கு நீங்க கழுத்து வரைக்கும் கடன்ல இருக்கற ஆளு.”

“இருபத்தஞ்சாம் தேதி சுத்தமா தீர்த்துடறேனேம்மா.”

“அன்னைக்கு பாக்கி எவ்வளவுன்னு யாரும் பார்க்கறதில்ல சார். மூணாம் தேதியே கட்டியிருந்தீங்கன்னா, ஒண்ணுமில்லன்னு போயிருக்கும்.”

மூன்றாம் தேதி பணம் இருந்தது. பதினாலு மூன்றாம் தேதியிலும் இருந்தது.

இனிமேல் முன்னாலேயே கட்டுங்கள், இரண்டு ஸ்டேட்மென்ட் போகட்டும், ஏறிவிடும் என்று அவள் ஆறுதலாகச் சொன்னாள். ரசீதுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட அவருக்கு நேரம் பிடித்தது.

வீட்டில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

“பஸ்ஸைத்தான் முன்னால விட மாட்டீங்க. பணத்தையுமா?”

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குப் பட்டது.

ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த இரண்டு மாதமும் மூன்றாம் தேதியே கட்டினார். இரண்டாவது ஸ்டேட்மென்ட் வருவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டயாலிசிஸ் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். பத்து நாள் தாங்கினாள். ஒன்பதாம் தேதி விடியற்காலையில் போய்விட்டாள். தங்கை தன் விலாப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பதினேழாம் தேதி வேலைக்கு வந்தார். கூண்டில் இருக்கும்போது வங்கிப் பெண் கூப்பிட்டாள். ஸ்கோர் நன்றாக ஏறியிருக்கிறது, காகிதங்களோடு வரலாம் என்றாள். முழுக்கக் கேட்டுவிட்டு, “சரிம்மா” என்று வைத்தார்.

கடைசிப் பத்து நாள் ஆஸ்பத்திரிச் செலவில் நாற்பத்தொன்பதாயிரத்தை ஒன்பதாம் தேதி கார்டில் தேய்த்திருந்தார். அடுத்த மாதம் முதல் தேதி சம்பளம் வந்தது. மூன்றாம் தேதி அவர் கட்டவில்லை. ஐந்தாம் தேதி ஸ்டேட்மென்ட் வந்தது; பிரித்துப் பார்க்கவில்லை. இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு, இன்று கடைசி நாள் என்று வங்கியிலிருந்து போன் வந்தது.

வாசலில் பத்து மணி நாலு நிமிஷத்துக்குக் கிளம்ப வேண்டிய பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “நிறைஞ்சு போச்சு சார், எடுத்துரட்டுமா?” என்றான். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாலுக்கு விசில் ஊதினார். தாளில் எழுதினார்.

பணம் கணக்கில் இருந்தது. போன் மறுபடி ஒலித்தது. அவர் அதை எடுக்காமல் அடுத்த பஸ்ஸின் நேரத்தைப் பார்த்தார்.