சித்திபேட் போய்விட்ட பரஸ்தானம்

போன வருடம் ஆவணி மாதம். செகந்திராபாத்தை ஒட்டிய அல்வாலில் எங்கள் வீடு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஃபிட்டர் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவன் நான். வந்த இடத்திலேயே வேர் பிடித்துவிட்டேன். எங்களுக்கு ஒரே மகள். நர்ஸிங் முடித்து, ஒரு வருடம் ஜெர்மன் மொழியும் படித்து, அந்த நாட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை வாங்கிவிட்டாள். மூன்று வருட ஒப்பந்தம். எங்கள் வம்சத்தில் கடல் தாண்டிப் போகும் முதல் ஆள் அவள்தான்.

வீடே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. கூடம் முழுக்கப் பெட்டிகள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தல், அங்கே பனி கொட்டுமாமே என்று கம்பளிச் சட்டைகள். மகள் தினமும் காலையில் எழுந்ததும் "கூட்டன் மோர்கன்" என்று ஜெர்மனில் காலை வணக்கம் சொல்வாள். என் மனைவி அடுப்படியிலிருந்து, "வெறும் வயித்துல மோர் கேக்கியே, சளி பிடிக்காதா?" என்பாள். ஆறு மாதமாக இதே வேடிக்கை. ஆனாலும் தினமும் சிரிப்போம்.

எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். விமானம் கிளம்பும் நாள் செவ்வாய்க்கிழமை. அதுவும் அஷ்டமி. போதாக்குறைக்குச் செவ்வாயன்று வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. நான் நாள் நட்சத்திரம் பார்க்காமல் ஒரு காரியம் தொடங்கியதில்லை. தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். வேலையில் சேரவேண்டிய தேதியை மருத்துவமனை குறித்துவிட்டது, ஒரு நாள் தவறினாலும் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றாள்.

"ஜெர்மனி வடக்கதானம்மா இருக்கு? சூலத்துக்கு நேரே போகலாமா?"

"அப்பா, ஏர்போர்ட் சவுத்துல இருக்கு. நம்ம வீட்டுலேருந்து ஷம்ஷாபாத் தெற்கதானே? நான் தெற்க போறேன். அப்புறம் பைலட் பாத்துப்பாரு. டென்ஷன் நக்கோ."

இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்து மூன்று பாஷைகளில் முடிப்பாள். நக்கோ என்றால் இந்த ஊர் இந்தியில் வேண்டாம். என் மனைவியும் அவள் கட்சி. "செவ்வாக்கெழம முருகனுக்கு உகந்த நாளுங்க. அவன் பாத்துக்கிட மாட்டானா?"

"முருகன் வேற, சூலம் வேற" என்றேன்.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழி பரஸ்தானம். பயணம் போகும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், கூடக் கொண்டுபோகும் பொருள் ஒன்றை வீட்டைவிட்டு வெளியே அனுப்பி, தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அந்த நல்ல நேரத்திலேயே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிளம்பும்போது அதை எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட வேண்டும். அதுவரை அந்தப் பொருள் நம் வீட்டு வாசற்படிக்குள் திரும்பி வரக்கூடாது. வந்தால் பயணம் முறிந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நாளாக இருந்தது. மஞ்சள் பை ஒன்றில் ஒரு பிடி பச்சரிசி, மஞ்சள் கிழங்கு, வெற்றிலை பாக்கு, திருச்செந்தூர் திருநீறு எல்லாம் வைத்தேன். கூடப் போகும் பொருள் ஒன்று வேண்டும் அல்லவா? பெட்டிகள் எதுவும் இன்னும் கட்டி முடியவில்லை. மகள் சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

"இத வைங்கப்பா. நான் இதைக் கூட்டிட்டுப் போகல. இதுதான் என்னைக் கூட்டிட்டுப் போகுது."

அவள் விளையாட்டாகச் சொன்னது எனக்குச் சரியென்று பட்டது. எதிர்வீடுதானே, பத்து அடி தூரம். பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்து, நூலால் வாயைக் கட்டினேன்.

எதிர்வீட்டில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும். தெலுங்குக்காரர்கள். தெருவே அவரை சுபேதார் என்றுதான் கூப்பிடும். எங்களுக்குள் தெலுங்கும் இந்தியும் கலந்த பேச்சு. அவர் என்னை பாயி சாப் என்பார், அந்த அம்மா அண்ணன் முறை வைத்து அன்னய்யா என்பார். பையை அந்த அம்மா கையில் கொடுத்து, எனக்குத் தெரிந்த தெலுங்கில் ஒன்றுக்கு மூன்று முறை சொன்னேன்: "மள்ளி மா இண்ட்லோகி ராகூடது." திரும்ப எங்கள் வீட்டுக்குள் வரவே கூடாது. அவர்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு போலிருக்கிறது. அவர் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே சாமி அலமாரியில் வைத்தார். எனக்கு அப்போதுதான் மனசு ஆறியது.

செவ்வாய்க்கிழமை காலையில் மூவரும் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். விமானம் ராத்திரிதான். ஆனாலும் மூன்று மணிக்கு ராகு காலம் பிறக்கிறது, ரெண்டரைக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். வாடகைக் காரும் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றியாயிற்று. மகள் சாமி கும்பிட்டு, எங்கள் காலில் விழுந்து எழுந்தாள். நான் பையை வாங்கிவர எதிர்வீட்டுக்குப் போனேன்.

கதவில் பூட்டு தொங்கியது.

கடைக்குப் போயிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த அம்மாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. சுபேதாருக்கு அடித்தேன். எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"பாயி சாப், நாங்க சித்திபேட்ல இருக்கோம். மகளுக்குத் தேதிக்கு முன்னாலயே வலி வந்திடுச்சு. விடியறதுக்குள்ள கிளம்பி வந்தோம். இப்ப ஆஸ்பத்திரியிலதான் நிக்கறேன்."

"பை?" என்று மட்டும் கேட்டேன்.

"பை இங்கதான் இருக்கு. இவ மடியில."

சித்திபேட் இங்கிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம். நான் போய் வாங்கிக்கொண்டு திரும்பி, பிறகு ஊரின் மறுகோடியில் இருக்கும் விமான நிலையத்துக்குப் போவதென்றால் விமானம் போய்விடும். விமானம் போனால் வேலையும் போய்விடும். ஒரு வருடப் படிப்பும் அவளுடைய அத்தனை ஆசையும் ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தது. அதை அங்கே அனுப்பி வைத்தவன் நான்.

போனை வைத்ததும் மகள் அதை என் கையிலிருந்து வாங்கி, நெட்டைப் போட்டாள். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் எப்போதும் அதை அணைத்தே வைத்திருப்பேன். காலையிலேயே அந்த அம்மா குரலில் ஒரு செய்தி வந்து கிடந்தது. "அன்னய்யா, மீ சஞ்சி நா தக்கரே உந்தி. மீ இண்ட்லோகி ராகூடது அன்னாரு கதா, அந்துகே தீஸுகுனி போதுன்னா." உங்கள் பை என்னிடம்தான் இருக்கிறது, உங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்றீர்களே, அதனால்தான் கூடவே எடுத்துப் போகிறேன் என்று.

விடியற்காலையில், மகள் வலியில் துடிக்கிறாள் என்று போன் வந்த அந்த அவசரத்திலும், எங்கள் சாமி காரியம் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். கதவைத் தட்டி என் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தால் அவருக்கு எவ்வளவு சுலபம்.

என் மனைவி சொன்னாள்: "நீங்க சொன்னத அவ்வோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாவளோன்னு நெனச்சேன். பாத்தா, சொன்னத சொன்னபடியே செஞ்சிருக்காவ."

நான் சுபேதாரை மறுபடி கூப்பிட்டு, "நானே வர்றேன்" என்று தடுமாறினேன். அவர் பேசுவதற்குள் பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் அவர்மேல் பாய்ந்தது. "நீங்க கிளம்புங்க! இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க? பிரசவம் பாக்கப் போறது நீங்களா?"

சுபேதார் சிரித்தே விட்டார். "உத்தரவு ஆயிடுச்சு, பாயி சாப். ஷாமீர்பேட் ரிங் ரோடு பாலத்துக்குக் கீழ நில்லுங்க. நான் வர்றேன்."

ஷாமீர்பேட் சித்திபேட் போகும் வழியில், எங்கள் வீட்டிலிருந்து சரியாக வடக்கே. செவ்வாய்க்கிழமை, சூலத்துக்கு நேரே. மணி மூன்றைத் தொட்டுவிட்டது, ராகு காலமும் பிறந்துவிட்டது. எதை எதையெல்லாம் தவிர்க்கப் பரஸ்தானம் வைத்தேனோ, அதையெல்லாம் வரிசையாகச் செய்யப் போகிறேன். காரில் ஏறிய பிறகு என் மனைவி டம்ளரோடு ஓடி வந்தாள்.

"வடக்க போறோம்லா? பால் ஒரு வாய் குடிச்சிட்டுப் போனா சூலம் ஒண்ணும் செய்யாது."

"கைக்கும்மா இப்ப? எதுக்கு?" என்று மகள் இரண்டு பாஷையிலும் கத்தினாள். ஆனால் வாங்கிக் குடித்தாள். நானும் குடித்தேன். ஓட்டுநருக்கும் ஒரு வாய் கொடுத்தாள் என் மனைவி. ஹைதராபாத் பழைய நகரத்துப் பையன் அவர். ஏன், எதற்கு என்று கேட்காமல் குடித்துவிட்டு, "டென்ஷன் நக்கோ லேவ், சாச்சா. ரிங் ரோட் பகடே தோ சீதா ஏர்போர்ட்" என்று வண்டியைக் கிளப்பினார். ரிங் ரோட்டைப் பிடித்துவிட்டால் நேரே விமான நிலையம்தான், கவலைப்படாதீர்கள் என்றார்.

பாலத்துக்குக் கீழே காத்திருந்த நேரம் இருக்கிறதே, அது என் ஆயுளில் நீளமான நேரம். லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக் கார் எது வந்தாலும் மூன்று பேரும் எழும்பிப் பார்ப்போம். என் மனைவி உதட்டுக்குள் முருகா முருகா என்றாள். நான் முருகனிடம் பேசக்கூட வெட்கப்பட்டு நின்றேன். மகள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நெனச்சுப் பாருங்க. நான் இன்னும் கிளம்பவே இல்ல, என் பாஸ்போர்ட் ஒரு ஊர் சுத்திட்டு வந்திடுச்சு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"அதோ!" என்றார் ஓட்டுநர்.

சுபேதார் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். மஞ்சள் பை அவர் கழுத்தில் தொங்கியது. நெஞ்சோடு ஒட்டி. என்னிடம் தரவில்லை. நேரே மகள் முன்னால் வந்து நின்று, கழுத்திலிருந்து கழற்றி அவள் கையில் வைத்தார்.

"உங்க வீட்டுக்குள்ளயும் போகல. தரையிலயும் வைக்கல. உங்க ஆன்ட்டி நேத்து வரைக்கும் விளக்குப் பக்கத்துல வச்சா, இன்னிக்கு மடியில வச்சா. சரியா இருக்கான்னு பாத்துக்கோ."

நான் கட்டிய நூல் கட்டியபடியே இருந்தது. மகள் அந்தப் பாலத்தடியில், லாரிப் புழுதியில், அவர் காலில் விழுந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்து, "வெள்ளி ரா தல்லி" என்றார். போயிட்டு வா தாயி. நம்மைப் போலத்தான், அவர்களும் போ என்று சொல்லி நிறுத்த மாட்டார்கள்.

"அங்க என்னாச்சு?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல" என்றார். அவ்வளவுதான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே விரைந்துவிட்டார். தன் மகள் பிரசவ அறையில் இருக்க, என் மகளுக்காக வந்து நின்ற மனிதரிடம் நான் நன்றி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ரிங் ரோட்டில் கார் பறந்தது. விமான நிலையத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம், நேரம் மிச்சமிருந்தது. என் மனைவி பை நிறையக் கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றை நின்றபடியே சாப்பிட்டோம். இத்தனை பெரிய கண்டம் தாண்டிய சந்தோஷத்தில் அழுகையே வரவில்லை. வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டும்போது அதிலிருந்து ரெண்டு அரிசி உதிர்ந்தது. காவலர் என்ன என்பதுபோல் பார்த்தார். "பிளெஸ்ஸிங்ஸ் சார்" என்றாள் மகள். அவர் தலையசைத்து உள்ளே விட்டார்.

எப்போதும் "போறேன்பா, பை பை" என்று சொல்லி என்னிடம் திட்டு வாங்குகிறவள், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று, நிதானமாக வாயசைத்தாள். "போயிட்டு வரேன்."

அந்த நேரத்தில்தான் என் போன் அடித்தது. சுபேதார். "பாயி சாப், பேத்தி! நான் உள்ள நுழையறேன், அழுகுரல் கேக்குது!" நான் கண்ணாடியைத் தட்டி, கையில் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினேன். மகள் புரிந்துகொண்டு, பெட்டி தள்ளும் வண்டியை விட்டுவிட்டு அங்கேயே குதித்தாள். சுற்றி இருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மகள் இப்போது அங்கே நன்றாக இருக்கிறாள். அந்த மஞ்சள் பையைத் தன் அறையில் முருகன் படத்துக்குக் கீழே மாட்டி வைத்திருக்கிறாளாம்.

எதிர்வீட்டுப் பேத்தி சில வாரம் கழித்து அல்வாலுக்கு வந்து, மூன்று மாதம் தாத்தா வீட்டில் இருந்தாள். அவளைத் தகப்பன் வீட்டுக்குக் கூட்டிப் போகவேண்டிய நாள் ஏதோ சரியில்லையாம். அதற்கு முதல் நாள் காலையில் அந்த அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் சின்னத் துணிப்பை. உள்ளே குழந்தையின் சட்டையும் ஒரு பிடி அரிசியும்.

"அன்னய்யா, மள்ளி மா இண்ட்லோகி ராகூடது" என்றார், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தினார்.

பையை வாங்கிக் கண்ணில் ஒற்றி, எங்கள் சாமி மாடத்தில் வைத்தேன். அது இருந்த வரைக்கும் நான் பால் வாங்கக்கூடத் தெருமுனையைத் தாண்டவில்லை. போனில் நெட்டையும் அணைக்கவில்லை. இன்றும் நாள் பார்க்கிறேன், சூலம் பார்க்கிறேன், அதை விடமாட்டேன். ஆனால் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, ராகு காலத்தில் வடக்கே போய் நின்ற எனக்கு எதிரே, என் மகளின் பையை நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்த அந்த மனிதரை நினைத்து, அன்று முருகன் சூலம் இருந்த அந்த வடக்கிலிருந்துதான் வந்தான் என்று சொல்லிக் கைகூப்பிக்கொள்கிறேன்.