மக்ரோனிக்கு டம்ளர் கணக்கு கிடையாது

பலசரக்குக் கடையில் சரக்கு கெட்டால் கொட்டிவிடலாம். 'அளவு குறைச்சல்' என்று பேர் கெட்டால் கடையைத்தான் சாத்த வேண்டும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதையும் முன்னுக்குப் பின்னாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. தராசுக்குப் பின்னால் நிற்கிற மக்களே, நீங்களாவது என் பக்கம் நில்லுங்கள்.

யார் கண்?

தறிக்கார வீட்டு அக்கா ஒருவர் கால் கிலோ மக்ரோனியும் கால் கிலோ சேமியாவும் வாங்கினார். இரண்டு கவரையும் தூக்கிப் பார்த்தால் சேமியா கவர் சின்னதாக இருந்தது. மக்ரோனிக்கு நடுவில் ஓட்டை, காற்றும் சேர்ந்து இடத்தை அடைக்கும். பொடிச் சேமியா நெருங்கிப் படுத்துக்கொள்ளும். இதைச் சொல்லி, தராசில் மறுபடியும் வைத்துக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"தராசு உன் கடைத் தராசு. கண்ணு என் கண்ணுல்லா?"

வீடியோ கப்பு

புதிதாகக் கல்யாணமான பிள்ளை ஒன்று போனில் சமையல் வீடியோவோடு வந்தது. "பாஸ்தா ரெண்டு கப்பு குடுங்க மதினி." எந்தக் கப்பு என்றேன். "வீடியோல அந்த அக்கா வச்சிருக்காவல்லா, அது." போனில் கப்பின் காது மட்டும்தான் தெரிந்தது. கிராம் கணக்கு எதுவும் இல்லை. வம்பு வேண்டாம் என்று நான் டீ குடிக்கிற டம்ளரில் மக்ரோனியை இரண்டு அளந்து போட்டேன்.

மறுநாள் அந்தப் பிள்ளையின் மாமியார் வந்து நின்றார். "வீடியோவுல நாலு பேரு தின்னாவளாம். எங்க வீட்டுல எனக்கு வெறும் வெங்காயம்தான் வந்துச்சு. உன் டம்ளரு என்ன, சாமிக்குப் பால் வைக்கிற டம்ளரா, ஏட்டி?"

புளியங்குடி மாஸ்டர்

பிறந்தநாள் வீட்டுக்குச் சமைக்கிற மாஸ்டர் மக்ரோனி வாங்கச் சொந்தப் படியோடு வந்தார். எடை போட்டுத் தருகிறேன் என்றேன். "அரிசிக்கு எனக்குப் படிதான் கணக்கு, இதுக்கும் அதே கணக்குதான்" என்று அவரே அளந்துகொண்டு போனார். பந்தியில் பாதிப் பிள்ளைகளுக்கு மக்ரோனி இல்லை.

மறுநாள் காலை, கடை நிறைய ஆள் நிற்கும்போது, "அளவு குறைச்சல்!" என்று கத்தினார். நான் விடவில்லை. "உம்ம படி, உம்ம கை. என் பேரை எதுக்கு இழுக்கீரு?" என்று கேட்டு, அதே படியில் அரிசியை ஒருதரம், மக்ரோனியை ஒருதரம் அளந்து, எல்லார் முன்னாலும் தராசில் கொட்டினேன். மக்ரோனி, அரிசியின் எடையில் பாதிகூடத் தேறவில்லை.

மாஸ்டர் படியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மக்ரோனிக்காரன் நடுவுல ஓட்ட போட்டதுக்கு நான் யார்ட்ட போயிச் சண்ட போட?"

நானும் ஓட்டை போட்டேன்

இனி என் கடையில் எடை மட்டும்தான் என்று முடிவு கட்டினேன். இனி யாரும் அதில் அளக்கச் சொல்லக் கூடாது என்று, பட்டறையில் கொடுத்து அந்த டீ டம்ளரின் அடியில் ஓட்டை போட்டு வாங்கி, தராசுக்கு மேலே தொங்கவிட்டேன். இளையரசனேந்தலில் இருந்து வந்த ஒருவர் அதை அண்ணாந்து பார்த்தார்.

"மக்ரோனி அதுல ஒழுகாதே மதினி, சும்மா அளங்க!"

அன்று சாயங்காலமே அந்த டம்ளரில் மண்ணை நிரப்பி ஓமவல்லி நட்டுத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். டம்ளர் கணக்கு கேட்டு வருகிறவர்களுக்கு இனி இரண்டு இலை கிள்ளித் தருவேனே தவிர, ஒரு மக்ரோனி அளக்க மாட்டேன்.