பலகையில் இல்லாத பெயர்

என் மனைவியின் அக்கா அர்ஜியாவுக்கு ஒரே ஒரு கேள்விதான் ஆகாது. ஃபோர்லி நகருக்குப் பக்கத்தில் எங்கள் கோயில் திருவிழாவில் வருடம் தவறாமல் அவள்தான் ஸ்ட்ரோட்ஸாப்ரேத்தி என்ற முறுக்கு பாஸ்தாவைச் செய்கிறாள். பாதிரியாரின் கழுத்தை நெரிப்பது என்று பொருள். ஏன் அந்தப் பெயர் என்று வருகிறவர்கள் தட்டை வாங்காமல் நின்று கேட்பார்கள்.

முட்டையெல்லாம் காணிக்கையாகப் பாதிரியாருக்கே போய்விட, வெறும் மாவும் தண்ணீரும் பிசைந்த பெண்கள் முறுக்க முறுக்க அவரைச் சபித்தார்கள் என்பார் ஒருவர். ஓசியில் தின்ற பாதிரியாருக்குத் தொண்டை அடைத்தது என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் சாட்சி இல்லை. சொல்லின் மூலத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பசியில்லாதவர்கள்.

"முறுக்கறப்ப எவளும் பாதிரியார் சாமியை நெனைக்கிறதில்ல, தோள்பட்டை வலியைத்தான் நெனைப்பா. தட்டை வாங்கிட்டு நகருங்க" என்பாள் அர்ஜியா.

சென்ற வருடம் புதிதாக வந்த பாதிரியார் டொன் எலியோவுக்கு அந்தப் பெயர் கூச்சமாக இருந்தது. மறைமாவட்ட ஆயர் வேறு திருவிழாவுக்கு வருகிறார். யாரையும் கேட்காமல் சாலையோரப் பலகையில் 'திருவிழா பாஸ்தா' என்று எழுதி வைத்துவிட்டார். வந்த கார்களெல்லாம் அதைப் படித்துவிட்டு, இந்த வருடம் ஸ்ட்ரோட்ஸாப்ரேத்தி கிடையாது என்று பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டன.

பந்தலில் பெஞ்சுகள் காலி. அர்ஜியா உள்ளங்கையில் உருட்டி உருட்டி முறுக்கியதெல்லாம் சமையலறைத் துணியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் பாதிரியாரை உள்ளே கூப்பிட்டாள்.

"இத்தனையையும் நீங்களே தின்னுடுங்க சாமி. அப்ப பழைய பேரே பொருத்தமா இருக்கும்."

"இல்லம்மா, ஆயர் என்ன நெனைப்பாரோன்னு..."

"ஆயர் ரெண்டாவது தட்டு வாங்கிட்டுப் போறார். அங்க பாருங்க."

டொன் எலியோ பார்த்தார். பிறகு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலைக்கு ஓடி, வந்த கார்களைக் கைகாட்டி நிறுத்தினார்.

"ஸ்ட்ரோட்ஸாப்ரேத்தி இருக்கு. பாதிரியார் கழுத்தை நெரிக்குமே, அதேதான். உள்ள வாங்க."

அங்கி போட்டவர் வாயிலிருந்தே அதைக் கேட்ட பிறகு யார் தாண்டிப் போவார்கள்? வரிசை சேர்ந்தது. அவரும் வியர்வையோடு வந்து பரிமாற நின்றார். முதலில் நின்றவர் தட்டைத் தொடவில்லை.

"ஏன் சாமி அப்படி ஒரு பேரு?"

டொன் எலியோவின் முகம் மலர்ந்தது. "அது வந்து, அந்தக் காலத்துல முட்டையெல்லாம்..."

அர்ஜியா ஒரு தட்டை அவர் கையில் திணித்தாள்.

"கதை அப்புறம். சாப்பிடுங்க சாமி, ஆறுது."

அவர் சாப்பிட்டார். தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை. கேள்வி கேட்டவர் மட்டும் நகராமல் நின்றுகொண்டிருந்தார்.