டார்க்கஸ் மன்னிக்கவில்லை

சைலஸ் ஹோல்ட் என்ற பெயர் காதில் விழுந்தால் டார்க்கஸ் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையில் பால் திரிந்துபோகும் என்று ரேவன்டேல் நெசவு ஆலையில் பேசிக்கொள்வார்கள்.

அவளுக்கு உறவென்று இருந்தது தம்பி ஈனோக் ஒருவன்தான். அம்மா செத்தபோது அவளுக்குப் பதினேழு வயது, அவனுக்கு ஏழு. நாலு தறி ஓட்டி அவனை ஆளாக்கினாள். அவன் மரச்செருப்பு செய்யும் தொழில் கற்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபவீட்டில் வாலிபர்களுக்கு வேதபாடம் நடத்தினான். 1916-இல், ஜெர்மனியோடு நடந்த போருக்காகக் கட்டாய ராணுவச் சட்டம் வந்ததும், யாரையும் கொல்ல என் மனசாட்சி இடம் தராது என்று விலக்கு கேட்டு மனு எழுதிக் கொடுத்துவிட்டான்.

டார்க்கஸ் கொதித்துப்போனாள். "தெருவுல எல்லா வீட்டுப் பிள்ளையும் போகுது. நீ மட்டும் வானத்துலேர்ந்து குதிச்சவனாடா?"

"அவங்களை நான் குத்தம் சொல்லலக்கா. என்னால முடியாதுன்னுதான் சொல்றேன்."

"உனக்குப் பதிலா இன்னொருத்தி பெத்தவன் சாகணுமா?"

"எனக்காக யாரும் சாகவும் வேணாம், கொல்லவும் வேணாம்."

"வாய்க்குச் சுலபம். நீ தின்னுற ரொட்டிக்குக் கோதுமை கப்பல்ல வருது. அந்தக் கப்பலுக்குக் காவல் யாரு?"

"சரியான கேள்விதான்" என்று தலையைக் குனிந்துகொண்டான். மனுவை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

நகரசபைக் கூடத்தில் விசாரணை. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சைலஸ் ஹோல்ட். ஊரிலேயே பெரிய மளிகைக்கடைக்காரர், நகரசபை உறுப்பினர்.

"ஜெர்மன்காரன் ஒருத்தன் உன் அக்கா மேல கை வைக்கிறான். பாத்துட்டு நிப்பியா?"

"நடுவுல போய் நிப்பேன், ஐயா."

"உன்னைக் குத்திட்டான்னா?"

"செத்துப்போவேன்."

ஹோல்ட் பின்வரிசையில் இருந்த டார்க்கஸை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "பயப்படாதே தம்பி. இந்த மூஞ்சிக்கு எந்த ஜெர்மன்காரனும் கடல் தாண்டி வரமாட்டான்."

கூடமே சிரிப்பில் குலுங்கியது. ஏழு நிமிடத்தில் மனு தள்ளுபடி. அதே நாளில் ஹோல்டின் மகன் பெர்சியின் மனுவும் வந்தது. ஹோல்ட் நாகரிகமாக எழுந்து வெளியே போனார். பெர்சி இல்லாவிட்டால் கடை நடக்காது, ஊருக்கு உணவு தடைபடும் என்று மற்ற நாலு பேரும் அவனுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஹோல்ட் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஈனோக்கைப் பிடித்துப் படையில் சேர்த்தார்கள். சீருடையைத் தொடமாட்டேன் என்றதால் கடுங்காவல் சிறையில் போட்டார்கள். ஒரே ஒரு முறை டார்க்கஸ் சிறைக்குப் போய்ப் பார்த்தாள். எலும்பும் தோலுமாக நின்றான். "படையில சேர்றேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வாடா, முட்டாளே" என்று திட்டிவிட்டு வந்தாள். 1918 பிப்ரவரியில் நுரையீரலில் சளி கட்டிச் செத்தான். தான் அவனிடம் கடைசியாகச் சொன்னது அந்தத் திட்டு என்பதை அவளால் தாங்க முடியவில்லை. தன் தலையில் போட்டுக்கொள்ளத் தெம்பில்லாமல் அந்தக் கோபத்தையும் சேர்த்து ஹோல்டின் தலையில் இறக்கினாள்.

அடுத்த வருஷம் நவம்பரில் நகரசபைத் தேர்தல். ஹோல்ட் மறுபடியும் நின்றார். முப்பது வயதைத் தாண்டிய மனைவிமார்களுக்கும் அந்த முறை ஓட்டு உண்டு. டார்க்கஸ் முதலில் போனது நெல் பார்ட்டன் வீட்டுக்கு. இரண்டு மகன்களைப் போரில் பறிகொடுத்தவள். கோழை வீடு என்று டார்க்கஸின் கதவில் வெள்ளை இறகைக் குத்திவைத்தவளும் அவள்தான்.

"எந்த மூஞ்சியோட வந்தே?" என்றாள் நெல்.

"ஜெர்மன்காரனுக்கே பிடிக்காத மூஞ்சியோடதான். என் தம்பியை நீ திட்டிக்கோ. உன் ரெண்டு பிள்ளைங்க மண்ணுக்குள்ள இருக்கறப்போ, ஹோல்டு மகன் எங்க இருந்தான்?"

நெல் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "உன் தம்பி கோழைதான். அதுல மாத்தமில்ல. வா, போவோம்."

இரண்டு பேரும் ஹோல்டுக்கு எதிராக மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பிரசாரக் கூட்டத்தில் ஹோல்ட் தேசபக்தி பற்றி முழங்கிக்கொண்டிருந்தபோது டார்க்கஸ் எழுந்தாள்.

"ஐயா, ஒரு கேள்வி. ஜெர்மன்காரன் இந்தத் தெருவுக்குள்ள வந்திருந்தா, உங்க பையன் என்ன பண்ணியிருப்பான்? பன்றிக்கறி நிறுத்துக் கொடுத்திருப்பானா?"

அன்று விசாரணையில் அவளைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள் சிரித்தன. அன்றிலிருந்து பெர்சி தெருவில் நடந்தால் ஜன்னல்களிலிருந்து கோழியிறகு பறந்தது.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு பெர்சி ஆலை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஈனோக் நடத்துன பாடத்துல நானும் இருந்தேன். அவன் எழுதுனதைத்தான் நானும் மனுவுல எழுதுனேன். அப்பா அதைக் கிழிச்சுப் போட்டுட்டு, கடைக்கு நான் வேணும்னு எழுதிட்டார். நான் வாயைத் திறக்கல. அவன் திறந்தான்."

இவன் சொல்வது நிஜம் என்று முகத்தைப் பார்த்ததுமே டார்க்கஸுக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் தன் தம்பியைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் இவன்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா நெல் அம்மா இந்த இறகு வீசறதை நிறுத்திடுவாங்க" என்றான்.

"சொல்லமாட்டேன். உன் அப்பனுக்கு வலிக்கணும்னா உன்னைத்தான் கிள்ளணும்."

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சலூட்டியது.

ஹோல்ட் படுதோல்வி அடைந்தார். கிறிஸ்துமஸுக்கு முன்பே பெர்சி அப்பாவிடம் சொல்லாமல் கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். டார்க்கஸ் நன்றாகத் தூங்கினாள். தூக்கம் வராத நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் அவள் நினைத்தது ஈனோக்கை அல்ல, பெர்சியை.

ஏழு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஹோல்ட் அவள் வீட்டு வாசலில் நின்றார். மனைவி இறந்துவிட்டாள், கடையை விற்றாயிற்று. தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"பெர்சி உனக்குக் கடிதம் எழுதறான்னு யாரோ சொன்னாங்க. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லும்மா. வேற ஒண்ணும் கேக்கல."

ஈனோக்கின் அக்கா என்று அவளுக்கு அவன் வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தான். கல்யாணம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. அப்பா எப்போதாவது கேட்டால் விலாசத்தைக் கொடுங்கள் என்று ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எழுதியிருந்தான். எல்லாக் கடிதங்களும் அவள் முதுகுக்குப் பின்னால் மேஜை இழுப்பறையில் கிடந்தன.

"எனக்கு எதுக்கு அவன் எழுதப்போறான்?" என்றாள் டார்க்கஸ்.

கிழவர் தொப்பியை மாட்டிக்கொண்டு இறக்கத்தில் மெல்ல நடந்தார். மூலை திரும்பும் வரை பார்த்துவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல பசி. இரண்டாவது தடவையும் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.