பாணதீர்த்தம் கூட்டிப்போனவர்கள்

மலைக்கு வழித்துணை போகிறவனுக்குக் கண் முன்னால் இருக்க வேண்டும், காது பின்னால் இருக்க வேண்டும். முன்னால் என்ன நிற்கிறது என்று பார்க்கக் கண். பின்னால் வருகிறவர் என்ன செய்துவைக்கிறார் என்று கேட்கக் காது.

அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்த புதிதில், திருநெல்வேலியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் பாபநாசம் மலையைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டி பிடித்து அடிவாரத்துக்கு வருவார்கள். அங்கிருந்து பாணதீர்த்த அருவிக்கோ சொரிமுத்தையன் கோயிலுக்கோ கூட்டிப்போய், பொழுது சாயுமுன் கீழே கொண்டுவந்து விடுவது என் வேலை. நான் முன்னால் நடப்பேன். என் கூட்டாளி சுடலைமுத்து கடைசி ஆளாக வருவான். வண்டி ஓட்டுகிறவரோ, பரிசல் தள்ளுகிறவரோ, சொந்தக்காரர் பத்துப் பேரை வெளியூர்க் கல்யாணத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பியவரோ, நீங்கள் யாராக இருந்தாலும் என் பாடு உங்களுக்குப் புரியும்.

வக்கீலின் குடை

ஆடிச் சாரல். திருநெல்வேலி வக்கீல் ஒருவர் புத்தம் புதுக் கறுப்புக் குடையோடு வந்திருந்தார். அடிவாரத்திலிருந்தே என்னை அவர் கூப்பிட்டது 'ஏலே' என்றுதான். முண்டந்துறையைத் தாண்டி ஒரு மூங்கில் வளைவில் திரும்பினேன். இருபது முழத்தில் ஒற்றை யானை நிற்கிறது. காற்று அதன் பக்கமிருந்து எங்கள் பக்கம் வீசியதால் எங்கள் வாடை அதற்கு எட்டவில்லை. கையைப் பின்னால் நீட்டி 'நில்லுங்கள்' என்று சைகை காட்டினேன். அந்த நேரம் பார்த்துச் சாரல் வலுத்தது. பின்னால் குடைக்கம்பி கிறீச்சிடும் சத்தம். திரும்பி, வக்கீலின் கையையும் குடையையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். என்னைத் திட்டத்தான் அவர் வாயைத் திறந்தார். யானையைப் பார்த்ததும் திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

மூன்று பேரும் நனைந்துகொண்டு நின்றோம். யானை ஒரு மூங்கிலை வளைத்து ஒடித்தது, அவசரமில்லாமல் தின்றது, பிறகு சரிவில் இறங்கிப் போனது. அப்புறம் வக்கீல் குடையை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "இனிமே இதை நீரே வச்சுக்கிடும்வே. எனக்கு நனையத்தான் பிடிக்கு."

பூகோள வாத்தியார்

இதில் தப்பு என் மேல்தான். சித்திரை வெயிலில், தச்சநல்லூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தனியாக வந்திருந்தார். சுடலைமுத்துவுக்கு அன்று காய்ச்சல். அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தோம். அதன் உச்சியில் தேன்கூடுகள் தொங்கும். அங்கே புகை ஆகாது என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல மறந்தேன். நான் சுனையில் தண்ணீர் மொண்டு திரும்புவதற்குள் அவர் சுருட்டைப் பற்றவைத்துவிட்டார். மேலே இரைச்சல் கேட்டது. ஓடிப்போய் என் கம்பளியை அவர் மேல் போர்த்திப் பாறை இடுக்கில் தள்ளினேன். என்னைப் போர்த்திக்கொள்ள எதுவும் இல்லை. தேனீக்கள் அடங்கியபோது என் முகம் பானைபோல வீங்கி, இரண்டு கண்ணும் மூடிப்போயின.

அடிவாரம் இன்னும் இரண்டு மணி நேர நடை. பொழுது வேறு இறங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் என் கம்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால். "பாதை ரெண்டா பிரியுதுவே. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு" என்பார். "தண்ணி எந்தப் பக்கம் தெரியுது அய்யா?" என்பேன். "இடது." "அப்ப இடதுலயே போங்க. மத்தது யானைத்தடம்." ஓரிடத்தில் சட்டென்று நின்றவர் வெகுநேரம் அசையவில்லை. கம்பு வழியாக அவர் உடம்பு உதறுவது எனக்குத் தெரிந்தது. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, செருப்புல கல்லு" என்றார். கரடி ஒன்று குட்டியோடு பாதையைக் கடந்து போனது என்பதை அடிவாரத்துக் கோயில் மணி காதில் விழுந்த பிறகுதான் சொன்னார். சொல்லிவிட்டு மண்ணில் அப்படியே உட்கார்ந்து, பெருமூச்சு விட்டுக்கொண்டே பேசினார்: "பத்து வருஷமா பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் குடுக்கேன். ஒரு எடத்துக்கு வழி கண்டுபிடிச்சு வந்து சேந்தது இன்னைக்குத்தான்வே."

பத்தமடைப் பேச்சியம்மாள்

பேச்சியம்மாளின் புருஷன் கால் விளங்காமல் படுத்த படுக்கையாகக் கிடந்தார். சொரிமுத்தையனுக்கு நேர்ந்துகொண்டு, அண்டைவீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு மார்கழியில் வந்தாள். அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். அந்த மனிதருக்குக் கஞ்சி ஊற்ற வேறு ஆள் கிடையாது. புறப்படும்போதே அவர்களிடம் சொல்லியிருந்தேன்: "பனி இறங்கி, முன்னால போற ஆளு மறைஞ்சா ஒரு எட்டு எடுத்து வைக்கப்படாது. நின்ன எடத்துலயே உக்காந்திரணும்."

திரும்பி வரும்போது, ஆறு கிடுகிடு பள்ளத்தில் ஓடுகிற இடத்தில் பனி வந்து மூடியது. நீட்டிய கை தெரியவில்லை. குரல் கொடுத்து ஆட்களை எண்ணினேன். ஒன்று குறைந்தது. காலில் தைத்த முள்ளை எடுக்கப் பேச்சியம்மாள் பாதையை விட்டு ஒதுங்கியிருக்கிறாள். பின்னால் வந்த சுடலைமுத்து அவளைப் பார்க்காமலே தாண்டி வந்துவிட்டான். "பேச்சியம்மா!" என்று கத்தினேன். என் குரலே பாறைகளில் பட்டு நாலு திசையிலிருந்தும் திரும்பி வந்தது. கீழே ஆற்றின் இரைச்சல். வேறு சத்தம் இல்லை. தவழ்ந்து, கம்பால் தரையைத் தட்டித் தட்டிப் போனேன். கஞ்சிக்காகக் காத்துக்கிடக்கும் அந்த மனிதரிடம் போய் என்ன சொல்வேன் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பனி கொஞ்சம் விலகியது. முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் பாதத்துக்கு முன்னால் ஒரு முழம் புல். அதற்கப்புறம் ஒன்றுமில்லை, வெறும் ஆகாசம். கூப்பிட்டால் எழுந்துவிடுவாளோ என்று பயந்து, சத்தமில்லாமல் பின்பக்கமாகப் போய்த் தோளைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது. கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று கத்தினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "நானும் கொரல் குடுத்தேன் அண்ணாச்சி, தண்ணிச் சத்தத்துல கேக்கல போல. உக்காருன்னு சொன்னிய, உக்காந்துட்டேன். எந்திரின்னு நீங்க இன்னும் சொல்லலியே?"

சேர்வலாற்றுக் கரையில்

கல்லிடைக்குறிச்சி சுப்பையா பிள்ளை நிலபுலன் உள்ளவர். மறுநாள் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்குப் பாணதீர்த்தத்துத் தண்ணீர் ஒரு செம்பு வேண்டும் என்று தன் மைத்துனரோடு வந்திருந்தார். ஐப்பசி மாதம். காலையில் சேர்வலாற்றை முழங்கால் தண்ணீரில் தாண்டினோம். மாலையில் திரும்பி வந்தபோதும் முழங்கால் தண்ணீர்தான். எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடந்தது. ஆனால் மேற்கே மலைமுகடு கறுத்திருந்தது. தண்ணீரில் பச்சை இலையோடு ஒடிந்த கொப்புகள் மிதந்து வந்தன. "அய்யா, மேல வெள்ளம் பொறப்பட்டுட்டு. கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"எங்கலே வெள்ளம்? மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து நிக்கும்போது பொண்ணைப் பெத்தவன் காட்டுக்குள்ள உக்காந்திருக்கணுமோ? வழியை விடுலே!" முந்தின வாரம்தான் நான் இதேபோல ஒரு கூட்டத்தைத் தடுத்து நிறுத்தி, வெள்ளம் வராமல் போக, ரயிலைத் தவறவிட்டவர்களிடம் வசவு வாங்கியிருந்தேன். அந்த நினைப்பில் ஒரு நொடி தயங்கினேன். அந்த ஒரு நொடியில் பிள்ளைவாள் என்னைத் தள்ளிவிட்டு ஆற்றில் இறங்கிவிட்டார். நாலு எட்டுக்கூட வைத்திருக்க மாட்டார், பாறைமேல் நூறு வண்டி உருளுவதுபோலச் சத்தம் கேட்டது. சுடலைமுத்து பாய்ந்தான். ஒரு கையால் கரையோர மருதமரத்து வேரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வீசி, அகப்பட்டதைப் பற்றினான். அகப்பட்டது பிள்ளைவாளின் குடுமி. செந்தண்ணீர் இடுப்பளவுக்கு எழும்பி வந்து அவரைக் கிடையாகச் சாய்த்தது. நான் சுடலைமுத்துவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன், மைத்துனர் என்னைக் கட்டிக்கொண்டார். எப்படி இழுத்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆறு வடிய மறுநாள் விடியலாயிற்று. பிள்ளைவாள் ஓட்டமும் நடையுமாகப் போய், மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தட்டை எடுக்கும் நேரத்தில் ஈர வேட்டியோடு வாசலில் நின்றாராம். அதெல்லாம் பின்னால் நடந்தது. கரையேறிய அந்த நேரத்தில், வேரோடு ஒரு மரம் அவர் நின்ற இடத்தைத் தாண்டி உருண்டு போவதை அவர் பார்த்துக்கொண்டே கிடந்தார். சுடலைமுத்துவின் விரல்கள் விறைத்துப்போய் இன்னும் குடுமியை விடவில்லை. நான் பிரித்துவிடப் போனேன். பிள்ளைவாள் என் கையைத் தட்டிவிட்டு அவனிடம் சொன்னார்: "வலிக்குலே. வலிச்சா வலிக்கட்டும், நீ விட்டுராத."

இத்தனை வருஷத்தில் ஒருவரைக்கூட மலையில் விட்டுவிட்டு நான் கீழே இறங்கியதில்லை. ஆனால் ஊர் திரும்பியவர்களில் முக்கால்வாசிப் பேர், வழி தெரியாமல் முழித்த ஒரு துணைக்காரனைத் தாங்கள்தான் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்ததாகச் சொல்லித் திரிகிறார்கள் என்று கேள்வி.