வலியைப் பயம் என்று சொன்னேன்

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு பள்ளிகள் மறுபடி ஒழுங்காக நடக்கத் தொடங்கிய வருடம் அது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. பூட்டிக் கிடந்த மைதானத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அதை வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஊட்டியில் நடக்க இருந்த மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண். அப்பா இல்லை. அம்மா பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். தினமும் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து மேடேறி நடந்து வந்து பழகியதாலோ என்னவோ, எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் அவளை யாராலும் பிடிக்க முடியாது. எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெண்கூட மாவட்டத்தில் பரிசு வாங்கியதில்லை. இவள் வாங்கிவிடுவாள் என்று நான் ஆசிரியர் அறையில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதித்ததில் கொரோனா. அந்தச் சமயத்தில் கொரோனா என்றால் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் இருமல், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டோம். அவளும் ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். வந்த மறுநாளே ஓடச் சொன்னேன்.

பாதியில் நின்று, முழங்காலில் கைவைத்துக் குனிந்துகொண்டாள்.

"மிஸ், நெஞ்சுல ஏதோ வெச்சு அமுக்கற மாதிரி இருக்குங்க மிஸ்."

"ஒரு வாரம் படுத்தே கெடந்தா அப்படித்தான் இருக்கும் கண்ணு. ரெண்டு நாள் ஓடுனா சரியாப் போயிரும்" என்றேன்.

அடுத்த நாள், படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, தூங்கவே முடியவில்லை என்றாள். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "போட்டி நெருங்குதில்ல, அதான் படபடப்பு. இது வலி இல்ல, பயம்." பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மூன்றாம் நாள் அவள் எதுவும் சொல்லவில்லை. கோட்டில் வந்து நின்றாள், விசில் அடித்ததும் ஓடினாள்.

அன்று காலை நல்ல மூடுபனி. மைதானத்தின் அந்தப்பக்க வளைவு கண்ணுக்கே தெரியாது. முதல் சுற்றில் பனிக்குள் போனவள் சரியான நேரத்தில் வெளியே வந்தாள். இரண்டாம் சுற்றில் போனாள். நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விநாடி, பதினைந்து, இருபது. வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஈரப் புல்லில் குப்புறக் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது.

தலைமையாசிரியரின் காரில் அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகிற வழியிலேயே கண் விழித்துவிட்டாள். டாக்டர் இளம் பெண். ரத்த அழுத்தம் குறைவாக இருப்பதாகச் சொல்லி, "காலைல என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். வெறும் டீ என்றாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். சேதி கேட்டு அவள் அம்மா, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல், தோட்டத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார்.

"இதுக்கு முன்னாடி ஏதாச்சும் உடம்புக்குச் சொன்னாளாம்மா? நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்?" என்று டாக்டர் அவரிடம் கேட்டார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலீங்க" என்றார் அம்மா.

"சரி, இது ஏறி முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க. நல்லாச் சாப்பிடட்டும், ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்பாடா என்றிருந்தது. பட்டினி மயக்கம் என்றால் என் மேல் தப்பில்லை. இன்னும் அரை மணி நேரத்தில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம். வாயைத் திறந்தால், அவள் இரண்டு முறை சொல்லியும் ஓடவிட்டவள் நான் என்பது அவள் அம்மாவுக்கும் தெரியும், தலைமையாசிரியருக்கும் தெரியும். வேலைக்கே ஆபத்து வரலாம். நான் பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

கட்டிலில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஊசி குத்தாத கையை நெஞ்சின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"டாக்டர், எங்கிட்டச் சொன்னா. ரெண்டு நாளாச் சொன்னா. நெஞ்சு அமுக்குது, படுத்தாப் படபடன்னு அடிக்குதுன்னு. நான்தான் காதுல வாங்கல."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டாக்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காய்ச்சல் ஏதாச்சும் வந்துச்சா?" என்றார் டாக்டர். அவர் குரலே மாறியிருந்தது. கொரோனா வந்ததைச் சொன்னேன். உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அந்தத் தாளை இரண்டு முறை பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். யாருக்கோ போன் செய்தார். பிறகு எங்களிடம் வந்தார்.

"இது வெறும் மயக்கமாத் தெரியல. கொரோனா வந்து போனப்புறம் சில பேருக்கு ஹார்ட் தசையிலயே அழற்சி வந்துரும். நிறையப் பேருக்கு வராது, ஆனா வந்தா ஓடவே கூடாது. துடிப்பு தாறுமாறாச்சுன்னா உயிருக்கே ஆபத்து. உடனே கோயமுத்தூர் போகணும்."

ஆம்புலன்சில் அவள், அம்மா, ஒரு நர்ஸ், நான். மேட்டுப்பாளையம் இறக்கம் எத்தனையோ முறை போன வழிதான். அன்று முடியவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் சுற்றுலா வண்டிகள். பனியில் சைரனைக் கேட்டாலும் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றார்கள். என் கண் முழுக்க மானிட்டரில்தான் இருந்தது. நடுவில் ஒரு வளைவில் அதன் பீப் சத்தம் திடீரென்று வேகமெடுத்து, தடுமாறியது. நர்ஸ் சட்டென்று குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார். "கண்ணு, என்னையப் பாரு. தூங்காதே, பேசிட்டே வா." சில நொடிகளில் துடிப்பு பழையபடி ஆனது.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி, "மிஸ், ஊட்டிக்கு எனக்குப் பதிலா யாரு போவாங்க?" என்று கேட்டாள்.

போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன். கோவை போய்ச் சேரும்வரை அவள் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் குறைந்திருக்கிறது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை. அந்த வராந்தா பெஞ்சின் ஒரு முனையில் நான், மறு முனையில் அவள் அம்மா. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்திருப்போம்.

மறுநாள் மத்தியானம் நான் வாங்கி வந்த தயிர்சாதத்தை அவர் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். திடீரென்று பேசினார்.

"எங்கிட்டயும் சொன்னாளுங்க டீச்சர். நெஞ்சு வலிக்குதும்மான்னு. வேலைக்கு நேரமாச்சு, சும்மா இருன்னு சொல்லிட்டுப் போயிட்டனுங்க. டாக்டரம்மா கேட்டப்ப வாய் வரல. பெத்தவளே கவனிக்கலீன்னு நெனப்பாங்கன்னு பொய் சொல்லிட்டேன்." சோற்றுப் பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "நீங்க சொல்லாம இருந்திருந்தா, நான் புள்ளையக் கூட்டிட்டு ஊட்டுக்குப் போயிருப்பனுங்க" என்றார். பிறகு அழுதார். நான் நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது.

மூன்றாம் நாள் துடிப்பு சீரானது. பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரைகள், மாதாமாதம் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஓட்டமே கிடையாது. எக்கோ முழுசாகச் சரியான பிறகு, இனி மெல்ல ஓடலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். ஆனால் அவள் மறுபடி பந்தயத்துக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இப்போது கோவையில் கல்லூரியில் படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள்.

அவள் பள்ளியை விட்டுப் போகும்போது மன்னிப்புக் கேட்டேன். "வலியக்கூடத் தாங்கிக்கிட்டேன் மிஸ். நீங்க பயம்னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அப்பதான் இனிமே சொல்லக் கூடாதுன்னு நெனச்சுட்டேன்" என்றாள், கோபமே இல்லாமல்.

இப்போதும் மைதானத்தில் பிள்ளைகள் வயிறு வலி, கால் வலி என்று வருவார்கள். அதில் பாதி சாக்காகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார வைத்து, எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்கிறேன். ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றி அந்தப் பிள்ளையைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று சொல்லும் துணிச்சல் அதற்குப் பிறகு எனக்கு வரவே இல்லை.