அந்தப் பிராசசரை மாற்றவேண்டாம் என்றேன்

தொடர்ந்து ஐந்தாவது ஆட்டமும் தோற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணன் மவுஸிலிருந்து வலது கையை எடுத்து, ஈரக்கையை உதறுவதுபோல இரண்டு தடவை உதறினான். பிறகு அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே, "இந்தப் பிராசசர மாத்திருவமாலே?" என்று கேட்டான். கொட்டாரம் என்ற எங்கள் ஊரில், வீட்டு முன்னறை அது. எதிர் வயலில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம்; அப்படியும் மேஜைமேல் வைக்கோல் தூசி படிந்திருந்தது. அவன் கையை உதறியதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருக்கும். பார்த்தேன், தோற்ற எரிச்சலில் உதறுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அவன் நாகர்கோவிலில் பாலிடெக்னிக் படித்த காலத்தில், பஸ் ஸ்டாண்டை அடுத்த ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. இன்டர்நெட் பார்க்க வந்தவர்களைவிடத் துப்பாக்கிச் சண்டை விளையாட வந்தவர்கள்தான் அதிகம். அங்கே அண்ணன்தான் ராஜா. எதிரி கதவு மறைவிலிருந்து தலையை நீட்டி முடிக்குமுன் இவன் சுட்டு முடித்திருப்பான். பக்கத்து மெஷின்காரர்கள் தங்கள் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து இவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். நானும் விளையாடினேன். எந்தச் சுவருக்குப் பின்னால் எத்தனை பேர் ஒளியலாம், எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை குண்டு என்பதையெல்லாம் பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்தேன். ஒருநாளும் அவனை ஜெயித்ததில்லை. அந்த மாடியில் எனக்கென்று ஒரு பெயர் கிடையாது. 'அவனுக்க தம்பி' என்றுதான் சொல்வார்கள். அந்த இரண்டு வார்த்தைகளை நான் மறந்துவிட்டதாகவே பின்னால் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்ததும் அண்ணன் வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். நான் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். அவன் அங்கிருந்து சொல்லச் சொல்ல, நான் இங்கே ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்ததுதான் அந்தக் கம்ப்யூட்டர். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து அதை நான் பூட்டியபோது, அவன் போனில் முகம் காட்டிக்கொண்டே கூட இருந்தான். மதர்போர்டில் பிராசசரை உட்காரவைத்து, அதைப் பூட்டும் சின்னக் கம்பியை நான் அழுத்தி மாட்டியபோது, "பைய, பைய" என்று அங்கிருந்து கத்தினான். லீவுக்கு வரும் மாதங்களில் மட்டும் அதில் விளையாடுவான். மீதி நாளெல்லாம் அது என்னுடையது. ஒன்பது வருடம் கழித்து ஒரேயடியாகத் திரும்பி வந்தான். "காண்ட்ராக்ட் முடிஞ்சிட்டு" என்றான். ஆள் சற்று மெலிந்திருந்தான். கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பார்த்தான். கேட்டதற்கு, பிளைட்டில் தூங்கியதில் பிடித்துக்கொண்டது என்றான்.

அந்த வருடம் மார்த்தாண்டத்தில் ஒரு கேமிங் சென்டர் திறந்து, ஐந்து பேர் கொண்ட அணிகளுக்குப் போட்டி வைத்தார்கள். லேபில் என்னோடு வேலை பார்க்கும் மூன்று பேர், நான், அண்ணன் என்று ஒரு அணி சேர்த்தோம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கள் லேப்டாப்புகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அண்ணனைப் பற்றி நான் சொல்லியிருந்த கதைகளைக் கேட்டு, முதல் நாள் ஒருவிதப் பக்தியோடுதான் வந்தார்கள். ஆனால் கதையில் இருந்த ஆள் அங்கே இல்லை. அண்ணன் குறி வைக்குமுன் எதிரி சுட்டுவிட்டான். கீபோர்டில் ஒரு எழுத்தை அழுத்தப் போய்ப் பக்கத்து எழுத்தை அழுத்தினான். மவுஸ் ஒட்டுகிறது என்றான். வேறு மவுஸ் வாங்கினோம். கீபோர்டு சரியில்லை என்றான்; மாற்றினோம். நாற்காலி உயரம் என்றான். நெட் இழுக்கிறது என்றான். கடைசியில் வந்து நின்றது பிராசசரில்.

கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு கம்ப்யூட்டரில் எந்தப் பாகம் மற்றதைப் பிடித்து இழுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நான் நன்றாகச் செய்யக்கூடிய ஒரே காரியம். அடுத்த வாரம் முழுக்க, கல்லூரி விட்டு வந்ததும் அதே விளையாட்டை ஓட்டி, ஒவ்வொரு பாகமும் எவ்வளவு உழைக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்பதைத் திரையின் மூலையில் ஓடவிட்டுப் பார்த்தேன். பிராசசர் பாதி உழைப்பைக்கூடத் தாண்டவில்லை. படம் எங்கேயும் திக்கவில்லை. அதே போர்டில் உட்காரக்கூடிய அடுத்த ரகம் கடைகளில் கிடைத்தது. மாற்றுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் மாற்றினாலும் ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது. என் முடிவில் ஒரு தவறும் இல்லை. இன்றைக்கு யார் வந்து சோதித்தாலும் அதையேதான் சொல்வார்கள்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் இருக்கும்போது அண்ணன் மறுபடி ஆரம்பித்தான். "பிராசசர் காரியம் பாத்தியாலே?" என்றான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் நிறுத்தியிருக்கலாம். நான் குறித்துவைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, "மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல அண்ணே. அதுக்க முன்னால இருக்கப்பட்ட ஆளுக்குத்தான் ஸ்பீடு போயிட்டு. மாத்தணும்னா ஆளத்தான் மாத்தணும்" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு நிற்கும்வரை எனக்குள் பரவிய இனிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த மாடியில் பெயரில்லாமல் நின்ற அத்தனை நாட்களுக்கும் அது போதுமானதாக இருந்தது.

"செரி மக்கா. அப்ப ஆள மாத்து" என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்தான். கதவுநிலையை ஒரு கையால் பிடித்து, ஒரு கணம் நின்று, பிறகு வெளியே போனான். கோபத்தில் நிற்கிறான் என்றே நினைத்தேன். கால் நிதானப்படுவதற்காக நின்றான் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்பதுதான் பதில். அவன் இடத்துக்கு வேறொருவனைச் சேர்த்துக்கொண்டு மார்த்தாண்டம் போனோம். இரண்டாம் இடம் கிடைத்தது. கோப்பையை முன்னறையில் வைத்தபோது அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்லாருக்கு" என்றான். அதன்பிறகு அந்த மேஜைப் பக்கம் அவன் வரவில்லை.

ஒரு வருடம் போயிற்று. அவன் பைக் ஓட்டுவதை நிறுத்தினான். பெட்ரோலுக்குக் காசு அழுவானேன் என்றான். சட்டைகளை விட்டுப் பனியனுக்கு மாறினான், வெக்கை என்றான். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாக் காரணத்தையும் நான் ஒப்புக்கொண்டேன். அண்ணன் மனைவி, என் மைனி, மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் அவளை அதட்டினான். பூதப்பாண்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதற்காக அவன் சட்டை போட்டுக்கொண்ட அன்று, அறைக்குள் மைனி அவனுக்குப் பொத்தான் மாட்டிவிடுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். புருஷன் பெண்டாட்டி கொஞ்சல் என்று நினைத்துச் சிரித்தபடி நகர்ந்துவிட்டேன். மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தவன் சாம்பாரைச் சோற்றோடு பிசைய முடியாமல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பசியில்லை என்று இலையை மடித்துவிட்டு எழுந்து போனவன், மண்டபத்துப் படியில் விழுந்தான். மூன்றே படிதான். நாங்கள் போய்த் தூக்கும்வரை அவனால் எழ முடியவில்லை.

நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தெலும்புக்குள் நரம்புத்தண்டு நசுங்கியிருப்பதாகச் சொன்னார். எப்போதாவது விழுந்தது உண்டா என்று கேட்டார்.  அப்போதுதான் அண்ணன், ஊருக்குத் திரும்புவதற்கு மூன்று மாதம் முன்னால் சாரம் சரிந்து விழுந்ததையும், கழுத்துப் பட்டையோடு சில வாரம் படுத்திருந்ததையும், வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டதையும் சொன்னான். எங்கள் யாருக்கும் தெரியாது. மைனிக்கும் தெரியாது. கை தடுமாற ஆரம்பித்து எவ்வளவு நாளாகிறது என்று டாக்டர் கேட்டார். அண்ணன் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னான்: "ஒண்ணரை வருசம் இருக்கும் சார். கேம் வெளையாடும்போதுதான் மொதல்ல மனசிலாச்சு." டாக்டர் பேனாவை மூடினார். அப்போதே வந்திருந்தால் இவ்வளவு முற்றியிருக்காது என்றும், ஆபரேஷன் இனிமேல் மோசமாகாமல்தான் தடுக்கும், போனது முழுக்கத் திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்.

திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது, மைனிக்குத் தைரியம் சொல்லலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்: "ஒரு வாரம் இருந்து அந்த மிஷினுக்க சூட்டையெல்லாம் பாத்தீங்க. அவருக்க கைய ஒரு தடவ பிடிச்சுப் பாத்திருக்கலாம்." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்று பேசிவந்தவள் அவள். அன்றைக்கு 'நீங்க' என்றாள். இன்றுவரை அது மாறவில்லை.

அண்ணன் நடக்கிறான், கம்பு ஊன்றி. இடது கை பரவாயில்லை. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த விரலும் சொன்னபடி கேட்பதில்லை. போன மாதம் நான் யாரிடமும் சொல்லாமல் அந்தப் பிராசசரை வாங்கி வந்தேன். இப்போது அதுவும் பழைய ரகமாகிவிட்டது; தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் ஃபேனைக் கழற்றி, காய்ந்துபோன பசையைத் துடைத்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை உட்காரவைத்தேன்.  மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் பொருள் வாங்கிக் கொடுக்கிறான், அவ்வளவுதான். அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவன் மவுஸ் மேல் கையை வைத்தான். திரையில் துப்பாக்கி கூரையைப் பார்த்தது, பிறகு தரையைப் பார்த்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இத அன்னைக்கே மாத்தியிருக்கலாம்லே" என்றான்.

"மாத்தியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது அண்ணே" என்று சொல்லிவிட்டேன். நினைத்துச் சொல்லவில்லை. லேபில் நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாய்.

"அது எனக்குத் தெரியாதாலே?" என்றான். குரலில் கோபம் இல்லை. "மவுஸ் மாத்தியாச்சு, கீபோர்டு மாத்தியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. இதையும் மாத்திட்டு, பொறவும் சரியாவலேன்னா டாக்டர்ட்ட போயிரணும்னு நெனச்சு வச்சிருந்தேன். அதுக்குத்தான் கேட்டேன். அப்ப நீ ஆளுக்குத்தான் ஸ்பீடு போயிட்டுன்னே. வயசாயிட்டு, அதுவாத்தான் இருக்கும், கெடக்கட்டும்னு விட்டுட்டேன். பயந்துகிட்டு இருந்தவனுக்கு அது எவ்வளவோ நல்ல சேதிதானே."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு ஒரு திக்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது சரி என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது. சமையலறையிலிருந்து மைனி வந்து, சோறு எடுத்துவைத்தாயிற்று என்றாள். அண்ணன் எழுந்திருக்கத் தோதாகக் கையை நீட்டினான். அவனை ஒட்டித்தான் நான் நின்றிருந்தேன். கை என்னைத் தாண்டி அவளிடம் போயிற்று.